மரண அறிவித்தல் பக்கத்திலும் சூதாட்ட விளம்பரம்: தமிழ்த் தளங்களை வடிகட்டிப் படிப்பது எப்படி?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காலையில் எங்கள் அம்மா கைத்தொலைபேசியைக் கையில் எடுத்ததும் முதலில் திறப்பது மரண அறிவித்தல்கள் வெளியாகும் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத்தான். உறவினர்கள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிதறி வாழ்வதால், யார் காலமானார், இறுதிக் கிரியைகள் எங்கே, எப்போது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் வழியாகவே எங்களுக்குத் தெரியவருகின்றன. அமரரின் படத்துக்கும் பிறந்த இடம், வாழ்ந்த இடம் பற்றிய விபரங்களுக்கும் நடுவில், சுழலும் சக்கரமும் கொட்டும் பொற்காசுகளுமாக ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. சற்றுக் கீழே இறங்கினால் அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணின் படமும் "பேச விருப்பமா?" என்ற அழைப்பும் வருகின்றன. எழுபது வயதைக் கடந்த ஒருவர், உறவினர் ஒருவரின் மறைவை அறியப் போன இடத்தில், இவற்றைக் கடந்துதான் போகவேண்டும் என்ற நிலையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அம்மாவின் தொலைபேசியில் தனியார் டிஎன்எஸ் அமைப்பின் ஊடாக விளம்பரத் தடுப்பு ஒன்றைப் போட்டிருக்கிறேன். சூதாட்ட விளம்பரம் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால், அந்தப் பெண்ணின் படம் போகவில்லை. விளம்பரம் இருந்த இடம் வெற்றுச் சதுரமாக நிற்கிறது. இவை தவிர, தளத்தைத் திறக்காத நேரத்திலும் திரையின் மேற்பகுதியில் கேவலமான தலைப்புகளுடன் அறிவித்தல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஏன் இவ்வாறு நடக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டு சரிசெய்ய விரும்புகிறேன். உயர்தரம் படிக்கும் என் மகளின் மடிகணினிக்கும் இதே தேவை இருக்கிறது.

ஏகாம்பரம் வீதிக் கடைக்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. கொமியூனிகேஷன் கடை நடத்துபவன் என்ற முறையில் இந்தத் தொல்லையை நாளாந்தம் காண்கிறேன்.

கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் தருகிறேன். அது மிக இலகுவானது. தளத்தைத் திறக்காதபோதும் வரும் அறிவித்தல்கள் விளம்பரத் தடுப்பு சம்பந்தப்பட்டவை அல்ல. எப்போதோ ஒரு தளம் "அறிவித்தல்களை அனுப்பலாமா?" என்று கேட்டபோது "அனுமதி" என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. சில தளங்கள் "நீங்கள் மனிதர் என்பதை உறுதிப்படுத்த அனுமதியை அழுத்தவும்" என்று ஏமாற்றியே இதனை வாங்கிவிடுகின்றன. குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவித்தல்கள் என்று போனால், அனுமதி பெற்ற தளங்கள் அனைத்தும் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைக்கு வரும் முதியவர்களின் தொலைபேசிகளில் "வைரஸ் வந்துவிட்டது" என்று கொண்டுவரப்படுவனவற்றில் பெரும்பாலானவை இதனோடு தீர்ந்துவிடுகின்றன.

அடுத்தது டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. கடிதத்தின் உறையில் உள்ள முகவரியை மட்டும் பார்த்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க முடியாத ஒருவரைப் போன்றது அது. சூதாட்ட விளம்பரம் வேறொரு விளம்பர நிறுவனத்தின் டொமைனிலிருந்து, அதாவது வேறொரு தளப் பெயரிலிருந்து, வருவதால், அந்தப் பெயருக்கு முகவரி கிடைக்காமல் நின்றுவிடுகிறது. நீங்கள் குறிப்பிடும் பெண்ணின் படமோ, பெரும்பாலும், செய்தித் தளத்தின் சொந்த டொமைனிலேயே ஏற்றப்பட்டிருக்கும். செய்திப் படங்களும் அதே இடத்திலிருந்து வருவதால், டிஎன்எஸ் இரண்டையும் பிரித்தறியாது. யூரியூப் விளம்பரங்களை இந்த வழியில் நிறுத்த முடியாததும் இதே காரணத்தால்தான். வெற்றுச் சதுரம் நிற்பதற்கும் காரணம் இதுவே: படம் வரவில்லை, ஆனால் படத்துக்கென்று பக்கத்தில் ஒதுக்கிய இடத்தை டிஎன்எஸ் தொடுவதில்லை.

டிஎன்எஸ் சேவைகளின் எண் முகவரிகளைப் பற்றியும் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. கிளவுட்பிளேயர் என்ற நிறுவனத்தின் 1.1.1.3 தீங்கான மென்பொருட்களையும் வயதுவந்தோருக்கான தளங்களையும் தடுப்பதற்கானது. விளம்பரங்களைத் தடுப்பது அதன் வேலையன்று. விளம்பரங்களைத் தடுக்க அட்கார்ட் என்ற நிறுவனத்தின் 94.140.14.14 இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் குடும்பச் சேவையான 94.140.14.15 பொருந்தும். இந்த எண்களை ரவுட்டரில் இடலாம். ஆனால், அன்ட்ரொய்ட் 9 முதல் வந்த தனியார் டிஎன்எஸ் பகுதி எண்களை ஏற்காது, சேவையின் பெயர் முகவரியை மட்டுமே ஏற்கும். எண்ணை இட்டுப் பார்த்துவிட்டு "இது வேலை செய்யாது" என்று கைவிட்டவர்களை நான் அறிவேன்.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

பயனுள்ள விளக்கம். என்னுடைய அக்கறை மாணவர்களைப் பற்றியது. க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் உரிய கடந்தகால வினாத்தாள்களைத் தேடி அவர்கள் செல்லும் பக்கங்களைத் திறந்து பார்த்தால் மனம் வருந்துகிறது. பக்கத்தின் மேலே பச்சை நிறத்தில் "பதிவிறக்கு" என்ற பெரிய பொத்தான் ஒன்று, நடுவில் நீல நிறத்தில் இன்னொன்று, கீழே மீண்டும் பச்சையில் ஒன்று. உண்மையான வினாத்தாளோ, இவை எதிலும் இல்லாமல், ஒரு வரியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இணைப்பாக இருக்கிறது. பெரிய பொத்தான்களை அழுத்தினால் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்கிறது, அல்லது தொலைபேசி இலக்கத்தைக் கேட்கிறது.

எனக்குத் தோன்றிய வழி ஒன்று இருக்கிறது. மது, போதை, சூது, ஆபாசம் போன்ற சொற்களைப் பட்டியலிட்டு, அச்சொற்கள் வரும் பகுதிகள் அனைத்தையும் பக்கத்திலிருந்து மறைத்துவிட்டால் போதாதா? தமிழில் இவ்வாறான பட்டியல் ஒன்றை நாமே தயாரித்துப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம் அல்லவா?

அலெஸ்தோட்டத்து நிரலாளர் எழுதியது:

ஆசிரியர் அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆயினும், சொற்பட்டியல் தமிழில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை நாம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

உரையில் உள்ள சொல்லைப் பார்த்து ஒரு பகுதியை மறைக்கும் விதிகளை யூபுளொக் ஒரிஜின் என்ற நீட்சியில், அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் விளம்பரத் தடுப்பு மென்பொருளில், எழுதலாம். தமிழ் எழுத்துகளையும் அது ஏற்கும். ஆனால், அது பொருளை அறியாது, எழுத்து வரிசையை மட்டுமே தேடும். "மது" என்று விதி எழுதினால், "எமது", "நமது", "தமது", "மதுரை" ஆகிய அனைத்தும் அகப்பட்டுக்கொள்ளும். "எமது குடும்பத் தலைவர் காலமானார்" என்று தொடங்கும் அறிவித்தல், வாசகி அம்மாவின் தாயாருடைய திரையிலிருந்து மறைந்துபோகும். "போதை" என்று எழுதினால் "தற்போதைய", "அப்போதைய" ஆகிய சொற்கள் உள்ள செய்திகள் எல்லாம் போய்விடும். ஆங்கிலத்தில் வேற்றுமையைக் காட்டும் சொற்கள் பெரும்பாலும் தனியே நிற்பதால் முழுச் சொல்லாகத் தேடித் தப்பிக்கலாம். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், முழுச் சொல்லாகத் தேடினால் "போதைப்பொருளுக்கு", "போதைப்பொருட்களின்" என்பன தப்பிவிடும். ஆகவே, தேவையான இடத்தில் "மதுபான", "சூதாட்ட" என்பன போன்ற நீளமான அடிச்சொற்களையே எழுத வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு நுட்பமான சிக்கல் எஞ்சுகிறது. யூனிகோடில் "போ" என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறியையும் (ே) காலையும் (ா) தனித்தனியாக வைத்து இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். வடிகட்டிக்கோ அவை வெவ்வேறு. பழைய எழுத்துரு மாற்றிகளின் வழியாகப் பதிவேறிய உரைகளில் இந்தப் பிரிந்த வடிவத்தைக் காணலாம். இரண்டு வடிவங்களையும் விதியில் எழுதினால்தான் அது பிடிபடும். பாமினி எழுத்துருவில் இன்னும் தங்கியிருக்கும் பக்கங்களில் உரை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், அங்கே தமிழ்ச் சொல் விதி எதுவும் பயன்படாது.

இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று: போதைப்பொருளின் தீமை பற்றிய கட்டுரையை மாணவர் படிக்க வேண்டும். சொல்லைத் தடுத்தால் விளம்பரத்தோடு கட்டுரையும் போய்விடும். விளம்பரத்தில் இருப்பதோ பெரும்பாலும் படம்; அதில் சொல்லே இராது. எனவே, எதைப் பேசுகிறது என்பதைப் பார்க்காமல், பக்கத்தின் எந்தப் பெட்டிக்குள், எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத் தடுப்பதே நம்பத்தக்க வழி என்பது என் உறுதியான கருத்து.

அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2005 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஈஸிலிஸ்ட் என்ற விளம்பரத் தடுப்பு விதிகளின் பட்டியலே பெரும்பாலான தடுப்பு நீட்சிகளுக்கு அடிப்படை. ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014இல் வெளியிடத் தொடங்கிய யூபுளொக்கின் தொடர்ச்சியான யூபுளொக் ஒரிஜினில் அது தொடக்கத்திலேயே இயங்கும். ஆனால், ஈஸிலிஸ்ட் முதன்மையாக ஆங்கிலத் தளங்களைக் கவனிக்கிறது. நீட்சியின் அமைப்புகளில் வடிகட்டிப் பட்டியல்கள் என்ற பகுதிக்குப் போய், பிராந்தியங்கள், மொழிகள் என்பதன் கீழே பார்த்தால், இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கும். தமிழும் சிங்களமும் அதற்குள் அடங்கும். உலாவியின் மொழி ஆங்கிலமாக இருந்தால் அது தானாக இயங்காமல் இருக்கலாம்; கையால் தெரிவுசெய்து விடுங்கள்.

திருமலைச் செய்தித்தளத்தார் எழுதியது:

நான் ஒரு சிறிய உள்ளூர்ச் செய்தித் தளத்தை நடத்துகிறேன். இந்த உரையாடலில் எங்கள் பக்கமும் கேட்கப்பட வேண்டும். மூதூரில் வெள்ளம் வந்தாலும், சீனக்குடாவில் காணிப் பிரச்சினை என்றாலும், கொழும்பு நாளிதழ்கள் இரண்டு வரிகளில் முடித்துவிடும் விடயத்தை நேரில் சென்று எழுதுபவர்கள் எங்களைப் போன்றவர்களே. தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினிக்கும் டொமைனுக்கும் ஆண்டுதோறும் டொலரில் பணம் கட்டுகிறோம். 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது அந்தக் கட்டணம் எங்களுக்கு எவ்வளவு பாரமாகியது என்பதை நீங்கள் ஊகிக்கலாம். வாசகர்கள் அனைவரும் எல்லா விளம்பரங்களையும் தடுத்துவிட்டால், எஞ்சப்போவது பணபலம் உள்ளவர்களின் ஊடகங்கள் மட்டுமே.

உவர்மலை வாசகி எழுதியது:

உங்கள் உழைப்பை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை, ஐயா. நகைக்கடையின் விளம்பரமோ திருமண மண்டபத்தின் விளம்பரமோ என் அம்மாவை வருத்தவில்லை. அவற்றை அவர் விரும்பிப் பார்ப்பதும் உண்டு. ஒருவரின் மரணத்தை அறிவிக்கும் பக்கத்தில் சூதாட்டத்துக்கு அழைப்பது வேறு விடயம். அதை யார் தெரிவுசெய்கிறார்கள்? தளத்தை நடத்துபவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லையா?

திருமலைச் செய்தித்தளத்தார் எழுதியது:

நேர்மையான கேள்வி. பக்கத்தில் எந்த விளம்பரம் வரும் என்பதை நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்வதில்லை. இடத்தை மட்டும் ஒதுக்குகிறோம், அதனை நிரப்புவது விளம்பர வலையமைப்பு. வாசகர் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்திலேயே தானியங்கி ஏலம் நடந்து, கூடிய விலை தருபவரின் விளம்பரம் வந்து அமர்கிறது. ஆனால், எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. கூகுளின் ஆட்சென்ஸில் வேண்டாத வகைகளைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் உள்ளன; எங்கள் தளத்தில் அவற்றைப் பயன்படுத்துகிறோம். வகைகளைக் கவனிக்காத, அதிகம் தருகின்ற மலிவான வலையமைப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் தளங்களில்தான் நீங்கள் சொன்ன காட்சிகள் வருகின்றன. அது தளத்தை நடத்துபவரின் தெரிவு.

நிரலாளரிடம் ஒன்று கேட்கிறேன். உள்ளூர்க் கடைகளிடம் நாங்கள் நேரடியாகப் பெற்று, வெறும் படமாக வெளியிடும் விளம்பரங்களும் தடுக்கப்படுமா?

அலெஸ்தோட்டத்து நிரலாளர் எழுதியது:

பொதுவாகத் தடுக்கப்படா. உங்கள் சொந்த டொமைனில், பின்தொடரும் நிரல் எதுவுமின்றி வரும் படத்தைப் பட்டியல்கள் அடையாளம் காண்பது அரிது. ஆனால், படத்தை வைத்திருக்கும் கோப்புறைக்கோ பெட்டிக்கோ விளம்பரத்தைக் குறிக்கும் வழக்கமான ஆங்கிலப் பெயர்களைச் சூட்டியிருந்தால், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான விதிகளில் அகப்படலாம். வேறு பெயர் இடுங்கள். கட்டுரைக்கு இடையில் திடீரெனப் பாய்ந்து வராமலும், விளம்பரம் என்று தெளிவாகக் குறித்தும் வைத்தால், எந்த வாசகரும் அதற்கெதிராகத் தனி விதி எழுத மெனக்கெட மாட்டார்.

வாசகர்களுக்கு: நீட்சியின் பெரிய ஆற்றல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும். விதியாக எழுதுவதானால் @@ என்ற குறியோடு தொடங்குவது விலக்களிக்கும் விதியாகும். மதிக்கும் தளங்களுக்கு இவ்வாறு இடம் கொடுங்கள். அட்புளொக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பு நீட்சி 2011இல் தொடங்கிய "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" திட்டத்தில் எது ஏற்கத்தக்கது என்பதை அந்தத் திட்டம் தீர்மானிக்கிறது. அதில் இடம்பெறும் பெரிய நிறுவனங்கள் பணமும் செலுத்துகின்றன. நம் ஊர்த் தளத்துக்கு விலக்களிப்பதா என்பதை நாமே தீர்மானிப்பது எனக்கு அதைவிட நியாயமாகப்படுகிறது.

ஆயினும், பாதுகாப்புக்காகத் தடுப்பைப் பயன்படுத்துவதில் எவரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. தேடல் முடிவுகளில் விளம்பரமாக வரும் போலித் தளங்களின் மூலம் மக்கள் ஏமாற்றப்படுவதைச் சுட்டிக்காட்டி, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆசிரியர் குறிப்பிட்ட போலிப் பொத்தான்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. நீட்சியை நிறுவியதும் அவற்றுள் பெரும்பாலானவை காணாமல் போகும்.

உவர்மலை வாசகி எழுதியது:

அம்மா பயன்படுத்துவது குரோம். அதில் நீட்சி நிறுவும் இடத்தையே காணவில்லையே?

அலெஸ்தோட்டத்து நிரலாளர் எழுதியது:

அன்ட்ரொய்ட் தொலைபேசியில் உள்ள குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. அதே தொலைபேசியில் பயர்பொக்ஸை நிறுவினால் யூபுளொக் ஒரிஜினை அப்படியே சேர்க்கலாம். அம்மா திறக்கும் தளத்தின் குறுக்குவழியைப் பயர்பொக்ஸிலிருந்து முகப்புத் திரையில் வைத்துவிட்டால், உலாவி மாறியது அவருக்குத் தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை. நிறுவிய பிறகு, தனியார் டிஎன்எஸ் அமைப்பையும் நீக்க வேண்டாம். செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களுக்கு அது உதவும்.

மகளின் மடிகணினிக்கும் பயர்பொக்ஸையே பரிந்துரைக்கிறேன். நீட்சிகள் இயங்குவதற்கான மேனிபெஸ்ட் 3 என்ற புதிய முறைக்கு கூகுள் மாறியதால், 2025இல் யூபுளொக் ஒரிஜின் குரோமில் இயங்காமற் போனது. பழைய முறையில், உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி பார்த்து, விடுவதா நிறுத்துவதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யும். புதிய முறையில், விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும், முடிவெடுப்பது உலாவி. அதற்கேற்ப எழுதப்பட்ட யூபுளொக் ஒரிஜின் லைட் குரோமுக்குக் கிடைக்கிறது, இலகுவானது, நல்லது. எனினும், அதன் பட்டியல்கள் நீட்சி புதுப்பிக்கப்படும்போதுதான் புதுப்பிக்கப்படுகின்றன. பயர்பொக்ஸ் பழைய முறையையும் விட்டுவைத்திருக்கிறது.

இனி, போகாமல் நிற்கும் அந்தப் படம். நீட்சியின் பட்டியில் சொட்டுக் குழாய் போன்ற குறியை அழுத்தி, படத்தைத் தொடுங்கள். ## என்ற குறியுடன் ஒரு விதி கீழே தோன்றும். அது "பக்கத்தின் ஐந்தாவது பெட்டி" என்ற பொருளில் அமைந்திருந்தால் ஏற்க வேண்டாம். நாளை ஐந்தாவது பெட்டியில் ஓர் அறிவித்தலே இருக்கக்கூடும். பெட்டிக்கென்று தளம் வைத்திருக்கும் பெயரை அடிப்படையாகக் கொண்ட விதியைத் தெரிவுசெய்யுங்கள். பெட்டியின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தால் மட்டும், மேலே "விளம்பரம்" என்று அச்சிட்டிருக்கும் சிறு தலைப்பைப் பிடித்து மறைக்கலாம். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அந்த வரியில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுதினால், விளம்பரம் பற்றிய செய்திகள் பாதிக்கப்படமாட்டா.

ஏகாம்பரம் வீதிக் கடைக்காரர் எழுதியது:

இதனோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் நம்மில் பலர் டேட்டா காட் போட்டுப் பயன்படுத்துபவர்கள். ## விதி படத்தைக் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, படம் பெரும்பாலும் இறங்கிவிடும்; டேட்டாவும் போய்விடும். கோரிக்கையையே நிறுத்த வேண்டுமென்றால் || என்று தொடங்கி ^ என்று முடியும், டொமைன் பெயரைக் கொண்ட விதி வேண்டும். மேலும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட படங்களையும் காணொளிகளையும் தடுக்கும் தெரிவு ஒன்று யூபுளொக் ஒரிஜினில் இருக்கிறது. 50 கிலோபைட் என்பது அங்கே முன்னமே குறிக்கப்பட்டிருக்கும். பெரிய படம் வேண்டுமென்றால் அதன் இடத்தைத் தொட்டால் வந்துவிடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சமிக்ஞை மெதுவாக உள்ள இடங்களிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு இதனையே முதலில் செய்து கொடுக்கிறேன்.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

"தற்போதைய" என்ற சொல்லில் போதை இருக்கிறது என்பதைக் கண்டபோது வியந்துபோனேன். சொற்பட்டியல் எண்ணத்தைக் கைவிடுகிறேன். எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ரவுட்டருக்குக் குடும்ப டிஎன்எஸ், ஒவ்வொரு கணினிக்கும் பயர்பொக்ஸும் நீட்சியும் என்று திட்டமிட்டிருக்கிறேன். மாணவர்கள் இதைச் சுற்றிப்போக முடியுமா?

ஏகாம்பரம் வீதிக் கடைக்காரர் எழுதியது:

முடியும், சேர். உலாவியின் அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற பகுதியில் வேறொரு சேவையைத் தெரிவுசெய்தால் ரவுட்டர் கடக்கப்பட்டுவிடும். விபிஎன் இட்டாலும் அப்படித்தான். மாணவருக்கு நிர்வாகி அனுமதி இல்லாத கணக்கொன்றைக் கணினியில் உருவாக்கி, உலாவியின் கொள்கை அமைப்பினால் அந்தப் பகுதியைப் பூட்டலாம். சட்டைப்பையில் உள்ள சொந்தத் தொலைபேசியின் டேட்டாவுக்கு இவை எதுவும் பொருந்தா. ஏமாந்து அழுத்தும் பிள்ளையை இந்த ஏற்பாடு நன்றாகவே காக்கும். தேடிப் போகும் பிள்ளையோடு நீங்கள்தான் பேச வேண்டும்.

அலெஸ்தோட்டத்து நிரலாளர் எழுதியது:

இறுதியாக, ஒருவர் எழுதிய விதி மற்றவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நீட்சியின் அமைப்புகளில் "எனது வடிகட்டிகள்" என்ற பகுதியில் உள்ளவற்றை ஓர் எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, மற்றவர் தமது உலாவியில் இறக்குமதி செய்யலாம். ஒவ்வொரு விதிக்கும் மேலே ! குறியுடன் ஒரு வரி எழுதி, எந்தத் தளம், எதை மறைக்கிறது, எந்த நாளில் எழுதப்பட்டது என்று குறியுங்கள். தளம் தன் வடிவமைப்பை மாற்றும்போது பெட்டிகளின் பெயர்கள் மாறி, விதி பயனற்றதாகிவிடும். அப்போது எதை நீக்குவது என்பதை அந்த வரி காட்டும். பல வாசகர்களுக்குப் பயன்படும் விதியாக இருந்தால், இந்தியன்லிஸ்டைப் பராமரிப்பவர்களுக்குப் பக்கத்தின் முகவரியையும் திரைப்பிடிப்பையும் அனுப்புங்கள். தமிழ்ப் பக்கத்தில் எது விளம்பரம், எது அறிவித்தல் என்பதைப் படித்தறியக்கூடியவர்களிடமிருந்து போகும் முறைப்பாடே அவர்களுக்கு உதவும். யூபுளொக் ஒரிஜினை உருவாக்கியவர் நன்கொடை ஏற்பதில்லை. பட்டியல்களைப் பராமரிப்பவர்களை ஆதரியுங்கள் என்றே அவர் கேட்டுக்கொள்கிறார்.

வாசகி அம்மா, அந்த மரண அறிவித்தல் தளத்துக்கு நீங்கள் எழுதும் விதிகளை இங்கே இடுங்கள். எண்ணிட்ட பெட்டி ஏதாவது தவறுதலாக அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.